பாலர் பள்ளித் தாளின் வாசகர் யார்?

கிள்ளான் பள்ளத்தாக்கின் பாலர் பள்ளிகள் பலவற்றில் இரண்டு வகைக் கல்வி ஒரே கூரையின் கீழ் நடக்கிறது. காலையில் வகுப்பறையில் நடப்பது ஒன்று. மதியம் பிள்ளையின் பையில் ஏறி வீட்டுக்குப் போவது இன்னொன்று. முதலாவதற்குக் கல்வி அமைச்சு தெளிவான வழி வகுத்தது. 2010இல் அறிமுகமாகி 2017இல் திருத்தம் பெற்ற தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம், பாடத்தை ஒரு கருப்பொருளைச் சுற்றி அமைக்கவும், விளையாட்டு வழியே கற்பிக்கவும், மொழி, நன்னெறி, உடல் வளர்ச்சி, அறிவியல் என்று துறைகளைப் பிரிக்காமல் இணைத்து நடத்தவும் சொன்னது. பையில் போகும் பயிற்சித்தாளோ பழக்கத்தின் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. புள்ளிக் கோட்டின் மேல் பென்சிலை ஓட்டு, அதே எழுத்தைப் பத்துக் கட்டத்தில் எழுது, படத்துக்கு வண்ணம் தீட்டு: அதன் கட்டளைகள் இவ்வளவுதான். அந்தத் தாள் பிள்ளையின் கையில் இருந்தாலும் அதன் உண்மையான வாசகர் பெற்றோர். அவர்கள் மனம் நிறைய அது தயாரிக்கப்படுவதால்தான் காலையில் போட்ட பாடத் திட்டத்தோடு அது ஒட்டுவதில்லை என்பது என் வாதம்.

முதலில் திட்டத்தைப் பார்ப்போம். கருப்பொருள் முறை நல்ல முறை. ஆனால் கருப்பொருள் பிள்ளை வாழும் தெருவிலிருந்து வந்தால் மட்டுமே அது வேலை செய்யும். இணையத்தில் இறக்கிய தாள்களில் பனிமனிதனும் ஆப்பிள் தோட்டமும் வருகின்றன. கிள்ளான் வெயிலில் வியர்த்துக்கொண்டு பனிமனிதனுக்கு மூக்கு வரையும் பிள்ளை எதைக் கவனித்து அறிகிறது என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அதே வாரத்தில் 'பூக்கள்' என்று எடுத்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைப் பூக்கடையிலிருந்தோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலிருந்தோ ஒரு கூடைப் பூ வகுப்புக்கு வந்தால் கதை வேறு. நிறத்தால் பிரிப்பது வகைப்படுத்தல். இரண்டு மல்லிகை, ஒரு செவ்வந்தி என்று மாற்றி மாற்றிக் கோப்பது தோரணி அமைப்பு. உதிரியை எண்ணுவது கணிதம். இவற்றைவிடப் பெரிய வாய்ப்பு முழத்தில் இருக்கிறது. ஒரே சரத்தை ஆசிரியையின் கையால் அளந்தால் இரண்டு முழம், பிள்ளையின் கையால் அளந்தால் மூன்றுக்கும் மேல். ஏன் என்று ஐந்து வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டால், அளவு என்றால் என்ன, எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் எதற்கு என்ற கேள்வியை அவர்களே எழுப்பிவிட்டார்கள் என்று பொருள். எந்தத் தாளும் அந்தச் சண்டையைக் கிளப்பாது. அத்தகைய காலை ஒன்றுக்குப் பிறகு, மதியம் 'பூ' என்ற எழுத்தை இருபது முறை எழுதிவரச் சொல்லி அனுப்பினால், அன்றைய பாடத்தின் சாரம் பள்ளி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

தாளுக்கும் உரிய நியாயத்தைக் கொடுக்க வேண்டும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து ஏழு மணிக்கு வீடு சேரும் தாய்க்கும் தந்தைக்கும் பயிற்சித்தாள் இரக்கம் காட்டுகிறது. பத்து நிமிடம் போதும், விளக்கம் தேவையில்லை. 'ஈர்ப்பான வீட்டுப்பாடம்' என்ற பெயரில் வரும் கைவினைத் திட்டங்களோ பெரும்பாலும் பெற்றோர் இரவு கண் விழித்து அட்டையும் பசையுமாகச் செய்து முடிப்பவை. பணமும் நேரமும் உள்ள வீட்டுப் பிள்ளையின் எரிமலை மட்டும் வகுப்பில் பளபளக்கும். அந்த வகையில் தாள் சமத்துவமானது. எழுத்து கைக்கு வசப்படத் திரும்பத் திரும்ப எழுதுவது ஒரு கட்டத்தில் தேவை என்பதும் உண்மை. சிக்கல், அந்தக் கட்டம் எப்போது வருகிறது என்பதில் இருக்கிறது. தமிழ் அரிச்சுவடியின் முதல் எழுத்தான 'அ' வடிவத்தில் எளியதன்று. சுழி, வளைவு, நிமிர்ந்த கோடு எல்லாம் அதில் உண்டு. 'இ' அதைவிடக் கடினம். 'ட', 'ப', 'ம' ஆகியவை கோட்டுக்கு அடங்கும் எழுத்துகள். வடிவ எளிமையைப் பார்த்து அவற்றிலிருந்து தொடங்கும் முறை தமிழாசிரியர்களுக்குப் புதிதன்று. ஆனாலும் தாள்கள் அகர வரிசையை விடுவதில்லை, ஏனென்றால் பெற்றோருக்குத் தெரிந்த வரிசை அது. விரல் தசை பழகாத பிள்ளைக்குப் புள்ளிக்கோலமும், மாவு பிசைவதும், தீபாவளிக்கு வண்ண அரிசியால் கோலம் நிரப்புவதும் பென்சிலைவிட நல்ல முன்பயிற்சி. இவை எல்லாம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருப்பவை.

ஆய்வுகளும் தாளுக்குப் பெரிய ஆதரவு தரவில்லை. வீட்டுப்பாடம் பற்றி அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளை ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் தொகுத்துப் பார்த்தபோது, வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மேல்வகுப்புகளில் வலுவாகவும் தொடக்க வகுப்புகளில் மெலிந்தும் இருந்தது. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் செய்த ஒப்பீட்டில், ஐந்து வயதில் வாசிக்கக் கற்றவர்களும் ஏழு வயதில் கற்றவர்களும் பதினொரு வயதை ஒட்டி வாசிப்புத் திறனில் சமமாக நின்றார்கள். இன்னும் கடுமையான எச்சரிக்கை டென்னசி மாநிலத்திலிருந்து வருகிறது. அங்கே அரசுப் பாலர் வகுப்பில் குலுக்கல் முறையில் இடம் பெற்ற ஏழைப் பிள்ளைகளையும் இடம் கிடைக்காத பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. ஆறாம் வகுப்பில், இடம் பெற்றவர்களே தேர்வில் பின்தங்கியிருந்தார்கள். இந்த ஆய்வு பயிற்சித்தாளை மட்டும் தனியாகச் சோதித்ததன்று. அதை வைத்து எல்லாப் பாலர் கல்வியையும் பழிப்பது அவசர முடிவு. ஆயினும் சீக்கிரம் தொடங்கினால் முந்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு அது பலமான அடி. பாலர் பருவத்தில் கிடைத்த முன்னேற்றம் அங்கே நிலைக்கவில்லை.

அப்படியிருந்தும் தாள் ஏன் பெருகுகிறது? மலேசியக் கல்விக் கொள்கை வரலாற்றில் இதற்கு ஒரு விடை உண்டு. 2010இல் தொடங்கிய லினஸ் திட்டம், தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாப் பிள்ளைகளும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்று இலக்கு வைத்து முதலாம் ஆண்டிலேயே சோதனையைத் தொடங்கியது. நோக்கம் நல்லது. அதன் நிழல் பாலர் வகுப்பின் மேல் விழுந்தது: முதலாம் ஆண்டுக்கு வாசிக்கத் தெரிந்தே வர வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. பிறகு 2019இல் முதல் மூன்று ஆண்டுகளின் தேர்வுகள் நீங்கின, 2021இல் ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வே ரத்தானது. அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றுவது, அது குறையாமல் இடம் மாறியது. தேர்வு மதிப்பெண் வராத காலத்தில், பிள்ளை என்ன கற்கிறது என்பதற்குப் பெற்றோர் கையில் மிஞ்சிய ஒரே சான்று பையில் வரும் தாள். கட்டணம் கட்டும் தனியார் பாலர் பள்ளியில் இது இன்னும் கூர்மையானது. அடுத்த தெருப் பள்ளிப் பிள்ளை வாரத்துக்குப் பத்துத் தாள் எழுதினால் நம் பள்ளியும் பத்துத் தாள் தரவேண்டும்.

தமிழ்ப்பள்ளியோடு இணைந்த பாலர் வகுப்பில் சுமை மும்மடங்கு. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றுக்கும் தாள் வருகிறது. மலாயும் ஆங்கிலமும் ஒரே ரோமன் எழுத்தைப் பங்கிட்டாலும் ஒலியைப் பங்கிடுவதில்லை. கோப்பைக்கான மலாய்ச் சொல்லில் 'ச்ச' ஒலி தரும் அதே எழுத்து, பூனைக்கான ஆங்கிலச் சொல்லில் 'க' ஒலி தருகிறது. காதில் மூன்று மொழியும் தனித்தனியாக நிலைபெறும் முன் கையில் மூன்றையும் ஏற்றுவது வரிசையைத் தலைகீழாக்குவது. தமிழுக்கோ இன்னொரு இடைவெளியும் உண்டு. வீட்டில் 'வாழப்பழம்' கேட்டு வளரும் பிள்ளை புத்தகத்தில் 'வாழைப்பழம்' பார்க்கிறது. ஆங்கிலம் கலந்து பேசும் கோலாலம்பூர் வீடுகளில் அந்த முதல் வடிவமும் அரிதாகிறது. இந்த இடைவெளியை எழுதி எழுதி நிரப்ப முடியாது, பேசித்தான் நிரப்ப முடியும். ஆகவே வீட்டுப்பாடம் வாயால் செய்யக்கூடியதாக இருக்கட்டும் என்கிறேன். 'இன்று அளந்த முழத்தைப் பாட்டியின் கையால் அளந்து பார்.' 'கா என்று தொடங்கும் மூன்று பொருளை வீட்டில் தேடு.' 'ஆசிரியை சொன்ன கதையில் யானை ஏன் அழுதது என்று அப்பாவிடம் சொல்.' கணிதத்துக்குப் பல்லாங்குழி இருக்கிறது; மலாய்க்காரர் சொங்காக் என்று ஆடுவதும் அதே குடும்பத்து ஆட்டம்தான்.

முதலாம் ஆண்டில் பிள்ளை திணறுமே என்பது முதல் மறுப்பு. தமிழ் எழுத்தின் அமைப்பே இதற்குப் பதில் தருகிறது. 247 எழுத்தில் 216 உயிர்மெய். அவற்றில் பெரும்பகுதி ஓர் ஒழுங்கில் விளைபவை. 'க்' உடன் 'ஆ' சேர்ந்தால் 'கா' என்று காதால் பிரித்தும் சேர்த்தும் பழகிய பிள்ளைக்கு அந்த ஒழுங்கு ஆறு ஏழு வயதில் எளிதாகப் பிடிபடும். பழகாத பிள்ளை ஒவ்வோர் எழுத்தையும் தனிப் படமாக மனப்பாடம் செய்யும். பெற்றோருக்கு நேரமில்லை என்பது அடுத்தது. பேச்சுக்கு மேசையும் பென்சிலும் வேண்டாம், காரிலேயே முடிந்துவிடும். தமிழ் பேசாத வீடு என்ன செய்யும்? 1988இல் ஆய்வாளர் வைட்ஹர்ஸ்டின் குழு, படக்கதை வாசிக்கும்போது பெற்றோர் திறந்த கேள்வி கேட்டுப் பிள்ளையைப் பேசவிட்டால் ஒரே மாதத்தில் பேச்சுத்திறன் உயர்வதைக் காட்டியது. கேள்வியின் தன்மையே அங்கே வேலை செய்தது. பெற்றோர் ஆங்கிலத்தில் கேட்டாலும் பிள்ளை தமிழில் கற்றதை நினைவில் புரட்டியாக வேண்டும். முழுப் பயன் கிடைக்காது. தாளில் அதுவும் கிடைக்காது.

எனக்கு வலுவாகத் தோன்றும் மறுப்பு வேறு. பேச்சைத் திருத்த முடியாது, சேமிக்க முடியாது, யார் செய்தார் யார் செய்யவில்லை என்று தெரியாது. நல்ல திட்டமும் பதிவேட்டுக்கு அடிமையானால் இறுகிப்போகும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் உற்சாகமாகத் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறையைப் பற்றியும், ஏணிப்படி அட்டைகளைத் தாண்டுவதே குறியாகிவிட்டது என்ற குறை பின்னாளில் எழுந்தது. பாலர் வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியையும் ஓர் உதவியாளரும். காலை வட்டத்தில் நாளுக்கு ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம், வீட்டில் நடந்ததைச் சொன்னால் வாரத்துக்கு ஒரு முறை எல்லாரும் பேசிவிடுவார்கள். கேட்ட ஒரு வாக்கியத்தை ஆசிரியை அப்படியே குறித்துக்கொண்டால், மூன்று மாதத்தில் ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு வாக்கியம் சேரும். பெற்றோர் சந்திப்பில் மேசைமேல் வைக்க அது போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை நான்கு மணி நேரக் கால அட்டவணையில் எதிலிருந்து எடுப்பது என்பதைப் பள்ளி முடிவு செய்ய வேண்டும். தாளைத் திருத்தி முத்திரை குத்தும் நேரத்திலிருந்து எடுக்கலாம். அதற்குத் தலைமையாசிரியரின் சம்மதம் வேண்டும். வாட்ஸ்ஆப் குழுவில் 'வீட்டுப்பாடமே இல்லையா டீச்சர்?' என்று வரும் முதல் கேள்விக்கு ஆசிரியையை முன்னால் தள்ளாமல் பள்ளியே பதில் சொல்லவும் வேண்டும்.