விற்பனைக்கு எடுத்த படம்: அட்ஜேயின் தொழிலும் திறனாய்வாளர் தீர்ப்பும்

நிழற்படக் கலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் இடர்ப்படும் இடம் ஒன்றுண்டு. பிரெஞ்சு நாட்டினராகிய யூஜின் அட்ஜே என்பாரைக் கலைஞர் வரிசையில் வைப்பதா, தொழிலாளர் வரிசையில் வைப்பதா என்பதே அது. 1857இல் பிறந்து 1927இல் மறைந்த அட்ஜே, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாரிசு மாநகரைப் படமெடுத்து விற்று வயிறு வளர்த்தவர். தம் வீட்டு வாயிலில் அவர் தொங்கவிட்டிருந்த பலகை கூறியது, ‘ஓவியர்களுக்கான ஆவணங்கள்’ என்பதே. கலைஞர் என்று தம்மை அவர் சொல்லிக்கொள்ளவில்லை. 1926இல் புதுமைக் கொள்கையினர் சிலர் அவருடைய படங்களைத் தம் இதழில் வெளியிட விழைந்தபோது, தம் பெயரைப் போடவேண்டா என்றும், அவை வெறும் ஆவணங்களே என்றும் அவர் கூறியதாக மேன் ரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கலை என்று கருதாமல் செய்யப்பட்ட ஒன்றைக் கலை என்று பிறர் கொண்டாடுவது முறையாகுமா?

அட்ஜே இத்தொழிலுக்கு விரும்பி வந்தவரல்லர். போர்தோ நகரையடுத்த லிபூர்ன் என்னும் ஊரில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, கப்பலில் வேலைபார்த்தவர். நடிகராகும் ஆசையால் 1879இல் பாரிசு நாடகக் கல்லூரியிற் சேர்ந்தார். படைப்பணியும் படிப்பும் ஒருசேர நடவாமையால் 1881இல் வெளியேற நேர்ந்தது. அதன்பின் ஊர் ஊராய்ச் சுற்றும் நாடகக் குழுக்களிற் சிறு வேடங்கள். 1887ஆம் ஆண்டளவில் குரல் கெட்டு அதுவும் போயிற்று. ஓவியம் தீட்டிப் பார்த்தார். அது சோறு போடவில்லை. ஆனால் ஓவியர்களின் தேவை ஒன்றை அவர் கண்டுகொண்டார். மரம், செடி, விலங்கு, வண்டி, பழைய வாயில் என்று பார்த்து எழுதுவதற்குரிய படங்கள் அவர்களுக்கு வேண்டியிருந்தன. அவற்றை எடுத்து விற்கலாம் என்று துணிந்தார்.

1890களின் இறுதியில் வேறொரு சந்தை திறந்தது. 1853 முதல் 1870 வரை ஒசுமான் என்னும் ஆட்சியாளர் அகன்ற தெருக்களை அமைப்பதற்காகப் பழைய பாரிசைப் பெரும்பகுதி இடித்துத் தள்ளியிருந்தார். எஞ்சியதையேனும் பதிந்து வைக்கவேண்டும் என்ற கவலை பிறகு பிறந்தது. நூல்நிலையங்களும் கார்னவாலே அருங்காட்சியகமும் கட்டடக் கலைஞரும் வீட்டு அலங்காரஞ் செய்வோரும் படங்களை வாங்கத் தொடங்கினர். அட்ஜே ஒரு குறிப்பேட்டில் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றை எழுதிவைத்திருந்தார். இரும்புவேலைக்காரனுக்கு மாடிப்படியின் கைப்பிடி வேண்டும். கட்டடக்காரனுக்குக் கதவின் சட்டம் வேண்டும். நாடக அரங்கு அமைப்போனுக்குத் தெருமூலை வேண்டும். ஒரே படம் பலர்க்கும் பயன்படுமாயின் பலமுறை விற்கும். ஆகவே படத்தில் எல்லாம் தெளிவாக இருத்தல் வேண்டும். எடுப்பவன் தன் உணர்ச்சியைக் கொண்டு எதையும் மறைத்தல் ஆகாது. கலங்கலாகவும் மங்கலாகவும் எடுப்பதே கலை என்று அக்கால நிழற்படக் கழகத்தார் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், அட்ஜே தெளிவைக் கைவிடாதிருந்ததற்குக் காரணம் கொள்கையன்று, வாடிக்கையாளரே.

இதனை மறந்தமையால் திறனாய்வாளர் சிலர் வழுக்கி விழுந்துள்ளனர். அவருடைய தெருக்களில் மக்கள் இரார். 1931இல் வால்டர் பென்யமின் எழுதிய கட்டுரையொன்று, அத்தெருக்களைக் குற்றம் நிகழ்ந்த இடத்தைப் போன்றவை எனக் கூறும் கருத்தை எடுத்துக்கொண்டு பெரியதொரு விளக்கம் அளிக்கிறது. அழகிய கருத்துத்தான். ஆயினும் அட்ஜே விடியற்காலையிற் சென்றதற்குக் காரணம், வண்டிகள் வந்து மறைக்கும் முன்னர்ச் சுவரைப் பிடித்துவிட வேண்டும் என்பதே. அவர் கையாண்டது 18க்கு 24 செண்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடு. ஒளி விழ நெடுநேரம் வேண்டும். நடந்து போனவன் புகையாய்க் கரைந்தான். இன்னும் சில படங்களின் மேல்முனைகள் இரண்டும் வளைவாகக் கறுத்திருக்கும். அதனையும் ஓர் உத்தி என்று வியந்தோர் உளர். கட்டடம் சாயாமல் அதன் உச்சியும் அடங்கவேண்டும் என்று வில்லையை மேலே உயர்த்தியதால், ஒளிவட்டம் தகட்டின் மூலைகளை எட்டவில்லை. வாங்குவோர் அதைப் பொருட்படுத்தவில்லை, அவரும் விட்டுவிட்டார்.

அப்படியானால் எல்லாம் தொழிலே, கலை ஏதுமில்லை என்று முடித்துவிடலாமா? 1982இல் ரோசலிண்டு கிராசு என்னும் அமெரிக்க அம்மையார் ஏறக்குறைய அப்படித்தான் வாதிட்டார். நியூயார்க் புதுக்கலை அருங்காட்சியகத்தின் ஜான் சார்க்கவ்ஸ்கியும் மரியா மோரிஸ் ஹாம்பர்க்கும் 1981 முதல் 1985 வரை நான்கு தொகுதிகளில் அட்ஜேயைப் பெருங்கலைஞராக நிறுவ முயன்றனர். அவர் தம் தகடுகளுக்கு இட்ட எண்களின் ஒழுங்கு முறையையும் ஹாம்பர்க் ஆய்ந்து கண்டார். தொகுதிகள் வந்துகொண்டிருந்தபோதே கிராசு மறுத்துரைத்தார்: அந்த எண்கள் நூல்நிலையத் தலைப்புகளின் ஒழுங்கைத்தான் காட்டுகின்றன, அங்கே கலைஞன் என்பான் ஒருவனைத் தேடுவது வீண். பத்தாண்டுகள் கழித்து, 1992இல், மாலி நெஸ்பிட் அட்ஜேயின் ஏழு தொகுப்பேடுகளை ஆராய்ந்து, வாங்கியோர் யார், எதற்கு வாங்கினர் என்பதை விரித்தெழுதினார். மூவருள் நெஸ்பிட்டின் நூலே தொழிலை உள்ளே புகுந்து பார்க்கிறது.

கிராசின் வாதத்தில் ஒரு குறை உண்டு. பட்டியலின் தலைப்பு, எதை எடுப்பது என்று சொல்லும். எங்கு நின்று எடுப்பது என்று சொல்லாது. ‘மாடிப்படி’ என்பது நூலகத்தின் சொல். அதன் அடியில் நின்று, மேல்தளத்துச் சாளரத்தின் ஒளி படிகளில் இறங்கிவரும் வேளை வரை காத்திருப்பது அட்ஜேயின் செயல். பரிசில் வேண்டிப் பாடிய புலவர்களின் பாடாண் திணைப் பாட்டைப் பயிற்றும் தமிழாசிரியர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. பரிசில் பெற்றமையால் அப்பாட்டுப் பாட்டல்ல என்று எவரும் கூறார். பரிசிலை மறைத்து அதனைப் படிக்கவும் இயலாது.

மறுபக்கத்தாரும் ஒரு கதை கட்டியுள்ளனர். 1920இல் அட்ஜே தம் தகடுகளில் 2,600க்கு மேற்பட்டவற்றைப் பிரெஞ்சு அரசுக்கு 10,000 பிராங்குக்கு விற்றார். அப்பணம் வந்தபின் வாடிக்கையாளரை மறந்து தம் மனம்போல் எடுத்தார், அதுவே உண்மையான கலை என்பது அக்கதை. அது முழுதும் ஒவ்வாது. சான்-குளூ பூங்காவை அவர் 1904 முதலே எடுத்துவந்தார். விற்றபின் 1921இல் எடுத்த விலைமகளிர் படங்களோ, டினிமோன் என்ற ஓவியர் கேட்டு எடுத்தவை. ஆனால் 1925ஆம் ஆண்டின் வேனிலில், பாழடைந்து கிடந்த சோ பூங்காவுக்கு விடியலிலே பலமுறை சென்று எடுத்த படங்களை யார் கேட்டார்? நெஸ்பிட்டின் வாடிக்கையாளர் கணக்கு அங்கே கைகொடுப்பதில்லை. அவற்றில் குளமும் உடைந்த படிகளும் களையுமே உள்ளன. தொழிலிற் பழகிய தெளிவு அப்படியே இருக்கிறது. வாங்குவோன் மட்டும் இல்லை.

தொழிலின் தந்திரமும் அவருக்குத் தெரியும். 1910ஆம் ஆண்டளவில் தேசிய நூல்நிலையத்துக்கு விற்ற ‘பாரிசு வீடுகளின் உட்புறம்’ என்ற தொகுப்பில், ஒரு நாடக நடிகரின் சிறு வீடு என்று சில படங்கள் உள்ளன. நடிகர் வேறொருவர் போலவும், தெரு வேறொன்று போலவும் தலைப்புக் கூறும். அவை அட்ஜேயின் வீட்டிலேயே எடுத்தவை. இதைப் பொய் என்று கடிவதா, தாம் இழந்த நடிப்புத் தொழிலைத் தம் வீட்டுக்கே சூட்டிக்கொண்ட ஏக்கம் என்பதா? திறனாய்வாளர் பெரும்பாலும் இதனைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகின்றனர். இந்தப் படங்களே அவரைப் பற்றி மிகுதியும் பேசுகின்றன.

1926இல் அவருடைய வாழ்க்கைத் துணைவி வாலந்தீன் இறந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் அட்ஜேயும் இறந்தார். எஞ்சிய தகடுகளையும் படங்களையும் பெரனிஸ் அபட் என்ற இளம் அமெரிக்கப் படப்பிடிப்பாளர் 1928இல் விலைகொடுத்து வாங்கி நியூயார்க்குக்குக் கொண்டுசென்றார். வாடகைக்கும் உணவுக்கும் தாமும் படமெடுத்தே பொருளீட்ட வேண்டியிருந்த அவர், அச்சுமையை நாற்பது ஆண்டு காத்து, 1968இல் புதுக்கலை அருங்காட்சியகத்துக்கு விற்றார். அதன் பின்னரே அட்ஜே பெருங்கலைஞராக நிலைபெற்றார்.

சிங்கப்பூரில் 1867இல் தொடங்கிய லாம்பர்ட் நிலையம் விற்பனைக்கென எடுத்த தெருக்காட்சிகளை இன்று வரலாற்றாசிரியர் நாடுவர். அவற்றைக் கலையெனப் போற்றுவோர் சிலரே. அட்ஜேக்கோ இரு வீடுகள் வாய்த்தன. நியூயார்க்கில் அவர் படங்கள் ஒவ்வொன்றாகச் சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்குகின்றன. பாரிசு நூல்நிலையங்களில் அதே தகட்டிலிருந்து அச்சிட்ட படங்கள் தெருப்பெயர் வாரியாகத் தொகுக்கப்பட்டு, வேண்டுவோர் கேட்டால் எடுத்துத் தரும்படி இருக்கின்றன.