இரண்டு நொடி ஆயுள்

ஆயிரத்து ஐந்நூறு தோட்டா சுட்ட அதிவேக வேட்டை ரைஃபிள் ஒன்றின் குழலுக்குள் போர்ஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவியை விட்டுப் பார்த்தால், வற்றிப்போன ஏரிப் படுகைதான் முதலில் கண்ணில் படும். தோட்டா அறை முடிந்து, குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளங்கள் தொடங்குகிற இடத்தைத் தொண்டை என்பார்கள். அந்த இரண்டு விரற்கடை நீளமும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வரிகளின் விளிம்பு கரைந்து, எங்கே தொடங்குகின்றன என்றே தெரியாது. கருவியை இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளினால் வெடிப்பு மெலியும். குழல்வாய்ப் பக்கம் போனாலோ, வரிகள் நேற்று வெட்டியவை மாதிரி கூர்மையாக நிற்கும். ஒரே எஃகு, ஒரே கைவேலை. ஒரு முனை கிழடு தட்டிவிட்டது, மறுமுனை இளமை மாறாமல் இருக்கிறது.

ரைஃபிளை ரசிப்பவர்கள் பலரும் வால்நட் கட்டையின் ரேகையையும் உலோகத்தின் மேல் ஏற்றிய நீலத்தையும் பேசுவார்கள். அவையும் அழகுதான். எனக்கு இந்தத் தொண்டைதான் எல்லாம். குழலைச் செய்தவனின் திறமை, வெடிமருந்தின் உக்கிரம், சுட்டவனின் பொறுமை என்று மூன்றையும் அங்கே சேர்த்துப் படித்துவிடலாம்.

ஒரு சின்னக் கணக்கு. குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரத்து ஐந்நூறு முறை சுட்டாலும் மொத்தம் இரண்டு நொடிக்குள்தான் வரும். வாரக்கணக்கில் இழைத்த குழல் உண்மையில் வேலை செய்வது அவ்வளவு நேரந்தான். அதற்குள் அது படுகிற பாடு கொஞ்சமல்ல. எரியும் மருந்தின் வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். எஃகு உருகுவதோ 1,500-ஐ ஒட்டி. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை ஏறும். உள்தோல் மட்டும் கணப்பொழுதில் காய்ந்து சிவக்கிறது; அடியிலிருக்கும் குளிர்ந்த எஃகு உடனே அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. இப்படிச் சுட்டும் குளிர்ந்தும் உள்தோல் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்து, நுண்ணிய கீறல் விடுகிறது. அடுத்த முறை வாயு அந்தக் கீறலுக்குள் புகுந்து விளிம்பை அரித்துக்கொண்டு போகிறது. குண்டு உரசித் தேய்வது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எந்த ரைஃபிளின் தொண்டை சீக்கிரம் போகும் என்பதற்கும் கணக்கு உண்டு. 1952-இல் வந்த .308 வின்செஸ்டர் தோட்டாவில் ஏறக்குறைய 2.9 கிராம் மருந்து, 7.8 மில்லிமீட்டர் துளை வழியே எரிகிறது. அதே நிறுவனம் அந்தப் பத்தாண்டின் இறுதியில் கொண்டுவந்த .264 வின்செஸ்டர் மேக்னத்தில் 4 கிராம் மருந்து, 6.7 மில்லிமீட்டர் துளை. துளையின் பரப்பால் மருந்தை வகுத்துப் பாருங்கள்: இரண்டாவதன் தொண்டை தாங்க வேண்டியது கிட்டத்தட்ட இரு மடங்கு. முதலாவது ஐயாயிரம் சுட்டாலும் சலிக்காது என்றும், இரண்டாவது ஆயிரத்தைத் தாண்டினாலே மூச்சு வாங்கும் என்றும் சொல்வதன் காரணம் இதுதான்.

இந்தப் பாடம் முதலில் இங்கிலாந்தில்தான் கசந்தது. வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டு கரிமருந்துக் காலத்து மேதை. ஆழமில்லாத, முனை மழுங்கிய ஏழு வரிப்பள்ளங்களை அவர் வகுத்தார். கரி அப்பாமல் வழுக்கிப் போகும் அழகான வடிவம். 1888-இல் லீ-மெட்ஃபோர்டு ரைஃபிள் படைக்கு வந்தது. சில ஆண்டுகளில் வந்தது கார்டைட் மருந்து. அதன் முதல் கலவையில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின். அந்தச் சூட்டுக்கு மெட்ஃபோர்டின் மென்மையான வரிகள் நிற்கவில்லை. 1895-இல் ஆழமான, சதுரமான ஐந்து பள்ளங்களோடு லீ-என்ஃபீல்டு அதன் இடத்தைப் பிடித்தது. பிறகு மருந்தையும் தணித்து, நைட்ரோகிளிசரினை 30 விழுக்காட்டுக்கு இறக்கினார்கள். குன்னூரை அடுத்த அருவங்காட்டுத் தொழிற்சாலையை ஊர்க்காரர்கள் இன்றும் கார்டைட் பாக்டரி என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மெட்ஃபோர்டின் ஏழு பள்ளங்கள் நினைவுக்கு வரும். நன்றாகச் செய்த ஒரு பொருளை, அதைவிடச் சூடான இன்னொரு பொருள் வந்து பழசாக்கிவிட்டது.

வேகத்தின் மேல் மோகம் என்று பார்த்தால் அமெரிக்காதான். 1935-இல் வின்செஸ்டர் .220 ஸ்விஃப்டைக் கொண்டுவந்தது: 48 கிரெயின், அதாவது மூன்று கிராம் குண்டு, நொடிக்கு 4,110 அடி. 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற வரிமுறுக்கில் அந்தக் குண்டு வெளியேறும்போது நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்றது. குழலைத் தின்னும் தோட்டா என்று அதற்குப் பெயர் கெட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மேற்குச் சமவெளிகளில் பிரெய்ரி நாய் என்னும் அணில் இனத்தை ஒரே பகலில் நூற்றுக்கணக்கில் சுடுவார்கள். கை வைக்க முடியாமல் கொதிக்கும் குழலில் அடுத்தடுத்துச் சுட்டால் எந்தத் தொண்டைதான் நிற்கும்? மான் வேட்டைக்காரன் ஆண்டுக்கு முப்பது தோட்டா சுட்டாலே அதிகம். குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டுதான் அவனுக்கு வேண்டும். அவன் கையில் ஸ்விஃப்ட் மகன் காலம் வரைக்கும் வரும்.

குழலைச் செய்யும் வேலைக்கு வருகிறேன். வரிகளை ஒற்றைக் கொக்கி உளியால் வெட்டி எடுக்கும் பழைய முறைக்கு ஈடாக எனக்கு இன்னொன்று தோன்றவில்லை. உளி ஒரு இழுப்பில் எடுப்பது முடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. பள்ளத்தின் முழு ஆழமே பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். ஆறு பள்ளம் முடிய இருநூறு இழுப்புக்கு மேல் ஆகும். கடினமான கார்பைடு குமிழை ஒரே தடவை இழுத்து வரிகளை அழுத்தி எடுப்பவர்களும் நல்ல குழல் செய்கிறார்கள். உள்ளே அச்சுத் தண்டை வைத்துச் சுத்தியலால் அடித்துச் செய்யும் குழல் உழைக்கவும் உழைக்கும். ஆனால் எஃகை நெருக்காமல், இழுக்காமல், வேண்டாததை மட்டும் சீவி எடுக்கும் கொக்கி உளியின் பொறுமை தனி.

அதன் பிறகு ஈயம். குழலுக்குள்ளேயே ஈயத்தை வார்த்து, கம்பியில் பிடித்த அந்த அச்சில் எண்ணெயும் தேய்பொடியும் பூசி, முன்னும் பின்னும் கையால் தள்ளுவார்கள். எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்பதைக் கை சொல்லிவிடும். இறுகும் இடத்தில் இரண்டு தடவை கூடுதலாக; தளரும் இடத்தை மெல்லத் தாண்டி. திரும்பித் திரும்பித் தேய்த்ததில் இரு முனையும் கொஞ்சம் அகன்றுபோகும் என்பதால், கடைசியில் அந்த முனைகளை அறுத்து எறிந்துவிடுவார்கள்.

இப்படி இழைத்த குழல் குறி தப்பத் தொடங்கும்போதுகூட ஒரே நாளில் கைவிடாது. தொண்டை கரையக் கரைய, குண்டு வரியைப் பிடிப்பதற்கு முன் வெற்றிடத்தில் தாவ வேண்டிய தூரம் கூடும். தோட்டாவைத் தானே கட்டுபவர்கள் குண்டைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்து அந்தத் தூரத்தைத் துரத்துவார்கள். சில நூறு தோட்டா வரை அது பலிக்கும். நூறு கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் கூடிய ஐந்து குண்டுகளில், பிறகு ஒன்று மட்டும் விலகி விழும். காற்று என்று நினைப்போம், கை என்று நினைப்போம். அடுத்த வாரம் இரண்டு விலகும்.

அப்போது பட்டறைக்காரர் குழலைக் கழற்றி, பின்பக்கம் ஓர் அங்குலமோ சற்று அதிகமோ அறுத்தெடுத்து, புதிதாகத் தோட்டா அறை குடைந்து மறுபடி பூட்டுவார். வெடித்த பாளங்களில் பெரும்பாதி, புது அறை குடையும்போது சீவலாகப் போய்விடும். அதுவும் முடியாமல் கடைசியில் கழித்த குழலின் தொண்டைப் பகுதியை அறுத்து, வேட்டைக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய் நீளவாக்கில் பிளந்து மேசைமேல் வைத்துக்கொள்வதுண்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், ஒரு பக்கம் வற்றிய ஏரி. மறுபக்கம், அறுத்த இடத்தருகே, கரைந்த வரிகள் மெல்லத் தலை தூக்குவது தெரியும்.