வாழ்வனுபவமும் விசுவாசப் படிப்பினையும்: கிறித்தவத் தமிழ் எழுத்தில் உள்ளுறையின் இடம்

முன்னுரை

அன்றாட நிகழ்ச்சி ஒன்றையோ கடுந்துன்பம் ஒன்றையோ எடுத்துரைத்து, ஈற்றில் விசுவாசப் படிப்பினை ஒன்றை நிறுவுவது கிறித்தவத் தியானக் கட்டுரையின் பொது அமைப்பாகும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், சுபாங் ஜெயா வட்டாரத் தமிழ்க் கிறித்தவர்கள் அருளுரைகளில் கேட்டுப் பழகிய வடிவம் இது. இவ்வடிவம் எவ்விடத்தில் இலக்கியமாக உயர்கிறது, எவ்விடத்தில் வெறும் போதனையாகத் தேய்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உவமத்தின் இருவகை

தொல்காப்பியர் உவமத்தை உள்ளுறை உவமம், ஏனை உவமம் என இரண்டாகப் பகுத்தார். ஏனை உவமத்தில் பொருள் வெளிப்படையாக நிற்கும். உள்ளுறையில் பொருள் காட்சிக்குள் அடங்கிக் கிடக்கும், அதனைக் கேட்போரே உய்த்துணர்தல் வேண்டும். இயேசுவின் உவமைகளிலும் இவ்விரு போக்குகளைக் காணலாம். விதைப்பவன் உவமைக்குச் சீடரிடம் விளக்கம் தரப்படுகிறது. லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்து ஊதாரி மைந்தன் கதையோ விளக்கமின்றி முடிகிறது. தந்தை இறைஞ்சி அழைத்தபின் மூத்த மகன் வீட்டினுள் சென்றானா என்பது சொல்லப்படவில்லை. அவ்விடையைக் கேட்போரே தர வேண்டியுள்ளது.

உள்ளுறைக்குரிய கருப்பொருளில் தெய்வத்தைத் தொல்காப்பியர் விலக்கினார் என்பது இங்கு எண்ணத்தக்கது. அவர் வகுத்தது அகப்பாட்டுக்குரிய இலக்கணம். அதனை அப்படியே கிறித்தவ எழுத்தின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. எனினும் ஊதாரி மைந்தன் கதையிலும் கடவுள் கதைமாந்தராக வரவில்லை. தந்தை, மைந்தர், பன்றி, கொழுத்த கன்று ஆகிய உலகியற் பொருள்களே பொருளைச் சுமக்கின்றன.

கிருஷ்ண பிள்ளையின் வழி

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையின் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயண நூலைத் தழுவி அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் நூலுருப் பெற்றது. பனியனின் உருவகத்தில் ஒவ்வொரு துன்பமும் தன் பெயரைத் தானே அறிவித்துக்கொண்டு வருகிறது. அவநம்பிக்கை அரக்கனாகிறது, வாக்குத்தத்தம் சிறைக்கதவைத் திறக்கும் திறவுகோலாகிறது. படிப்பவர் உய்த்துணர அங்கு எஞ்சுவது குறைவு.

கிருஷ்ண பிள்ளை இவ்வுருவகத்தை ஏற்றுக்கொண்டாலும் அதனோடு நிற்கவில்லை. கிறித்துவின் பாடுகளை விரிவாகப் பாடிச் சேர்த்தார். காப்பியத்தின் இடையிடையே தேவாரப் பதிகங்களையும் அமைத்தார். உருவகம் துன்பத்திற்கு விளக்கம் கூறுகிறது. பதிகமோ துன்பத்தோடு இறைவனை விளிக்கிறது. முன்னதில் பேசுபவர் ஆசிரியர், பின்னதில் பேசுபவர் அடியார். கதைப்போக்கை அறிந்து முடித்த பின்னரும் இப்பதிகங்கள் தனித்து நின்று ஓதப்படுவதற்கு இவ்வேறுபாடே காரணம் எனலாம்.

யோபுவின் நண்பர்கள்

துன்பத்திலிருந்து படிப்பினை பெறுவது குறித்த கூர்மையான எச்சரிக்கை விவிலியத்திலேயே உள்ளது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்பேசாது அவனுடன் தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்களிடம் குறையில்லை. பின்னர் அவன் துன்பத்திற்குக் காரணம் கற்பித்து நீதியுரைத்தனர். நூலின் இறுதியில் இறைவன் கண்டிப்பது இந்நண்பர்களையே. முறையிட்டு வழக்காடிய யோபு சரியாகப் பேசியவன் என ஏற்கப்படுகிறான். பிறர் துயரத்திற்கு வெளியில் நின்று பொருள் கூறுவோர்க்கு இதனினும் கடுமையான மறுப்பு வேண்டியதில்லை.

நம் நிலத்தில்

இவ்வெச்சரிக்கை மலேசியத் தமிழர்க்கு நெருக்கமானது. சுபாங் ஜெயா, சீபீல்டு ரப்பர்த் தோட்டம் இருந்த நிலத்தில் 1970களில் உருவாகத் தொடங்கிய நகர். தோட்டம் நகராகும்போது பால்மரத்தோடு வேலையும் லயத்து வீடும் அயலுறவும் போகின்றன. அவ்விழப்பை 'ஆண்டவர் அளித்த சோதனை' என்று இழந்தவர் ஒருவர் தாமே கூறின் அது சாட்சியம். அதே தொடரை இழக்காதவர் கூறின், நிலத்தையும் கூலியையும் பற்றிய வினாக்களை மூடும் திரையாகிவிடும். 1942–43இல் சயாம்–பர்மா இரயில் பாதையில் மாண்ட பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் திரும்பி வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. அவர்கள் சாவிலிருந்து நாம் பாடம் வடிப்பதற்குமுன், யோபுவின் நண்பர்கள் காத்த ஏழு நாள் மௌனத்தையேனும் காத்தல் வேண்டும்.

முடிவுரை

வாழ்வில் விசுவாசப் பொருள் காண்பது பிழையன்று. உவமைகளின் அடிப்படையே அதுதான். பொருளைக் காண்பவர் யார், எவ்வளவு விரைவில் காண்கிறார் என்பனவே திறனாய்வு கேட்க வேண்டிய வினாக்கள். அனுபவத்தை அதன் முழு எடையோடு நிறுத்தி, பொருளை உள்ளுறையாக விடும் எழுத்து நிலைக்கிறது. நம் இலக்கிய வகுப்புகளில் 'இக்கதை உணர்த்தும் படிப்பினை யாது?' என்ற வினா பெரும்பாலும் முதலிலேயே எழுப்பப்படுகிறது. 'இதில் துன்புறுபவர் யார், அவர் என்ன சொல்கிறார்?' என்ற வினாவை அதற்கு முன்னர் வைப்பின், மாணவர் படிப்பினையைத் தாமே கண்டடைவர்.