சிறு திரையில் தமிழ்

2008இல் வந்த நோக்கியா இ71 கைத்தொலைபேசி உத்தியோகஸ்தர்களை உத்தேசித்துச் செய்யப்பட்டதாயினும், மலேசியாவின் சுங்கை ரம்பாய் போன்ற சிற்றூரில் செம்பனைத் தோட்டத்து வேலை முடித்து அமரும் தமிழனுக்கும் இணையத்தின் வாசலைத் திறந்துவிட வல்லதாயிருந்தது. 320க்கு 240 புள்ளிகளே கொண்ட அத்திரையில் தமிழ் பெரும்பாலும் வெறுங்கட்டங்களாகவே காட்சியளித்தது. (ஆங்கிலத்துக்கு அந்தச் சங்கடம் கிடையாது!) அக்குறையை ஓப்பரா மினி என்னும் உலாவி நிவர்த்தி செய்த சாதுரியமே என் மனத்தைக் கவர்ந்தது: அந்நாளில் அதன் முகவரிக் கட்டத்தில் ‘ஓப்பரா:கான்ஃபிக்’ என்று தட்டி, அங்குள்ள ஒரு தெரிவை மாற்றிவிட்டால், தொலைவிலுள்ள சர்வர் தமிழெழுத்துகளைப் படமாகவே வரைந்து அனுப்ப, எழுத்துரு இல்லாத கருவியிலும் கொம்பும் காலும் பிசகாமல் வந்து நிற்கும். படமாகையால் நகலெடுக்க இயலாது. டேட்டாவும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். ஆயினும், பிந்தைய பெருந்திரைகள் தமிழுக்குச் செய்த உபகாரங்களைவிட இதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.