முற்றம் வைத்த கந்தோர்

ஹெவ்லொக் டவுனின் ஒழுங்கைகளில் நடந்தால் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே ஹெவ்லொக் சிற்றியின் கோபுரங்கள் எட்டிப் பார்க்கும். ஒரு காலத்தில் வெள்ளவத்தை நெசவாலை ஓடிய நிலம் அது. கட்டட வரைகலை, புத்தக வடிவமைப்பு, துணி வடிவமைப்பு என்று சிறு தொழில் தொடங்கும் இளையோர் பலருக்கு அத்தகைய கண்ணாடிக் கோபுரத்தில் ஒரு மாடி எடுப்பதே கனவு. வாடகை பேசும் முன் அவர்கள் பார்க்க வேண்டிய ஓர் இடம் கிட்டவே இருக்கிறது. டூப்ளிகேஷன் வீதி வழியே கொள்ளுப்பிட்டிப் பக்கம் போனால் வரும் அல்ஃப்ரட் ஹவுஸ் வீதி, இரண்டாம் இலக்கம்.

கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) 1960களின் தொடக்கத்தில் ஒரு வைத்தியருக்காக வரைந்த வீடு இது. வீடு பிறகு அவருடைய எட்வேர்ட்ஸ், ரீட் அன்ட் பெக் நிறுவனத்தின் கந்தோராயிற்று. 1998 முதல் உணவகமாக இயங்குவதால், இன்று யாரும் உள்ளே போய் அமர்ந்து பார்க்கலாம்.

பார்க்க வேண்டியது அதன் அமைப்பை. ஒடுங்கி நீண்ட காணியில் கூரையும் முற்றமும் மாறி மாறி வருகின்றன. ஒரு கூடத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது வானம் தெரிகிறது, தண்ணீர் தெரிகிறது, மர நிழல் மேலே விழுகிறது. நாள் முழுதும் கோடு பார்த்துக் களைத்த கண்ணுக்கு இதைவிட நல்ல ஓய்வு இல்லை. கூரையிலும் நுட்பம் உண்டு. நெளி சீமெந்துத் தகட்டின் மேல் அரைவட்ட ஓடு பதிப்பது பாவா அக்காலத்தில் கைக்கொண்ட முறை. தகடு மழையைத் தடுக்கும். ஓடு வெயிலைத் தாங்கும். கொழும்பின் புழுக்கத்தில் கதவைச் சாத்தாமல் வேலை செய்ய வழிவிட்டது இந்தக் கூரைதான்.

இடத்தின் குணம் வேலையிலும் தெரிந்தது. லக்கி சேனநாயக்க, இஸ்மத் றஹீம், அநுர ரத்னவிபூஷண போன்றோர் அந்நிறுவனத்துக்காக வரைந்த படங்களைப் பாருங்கள். சுவருக்குக் கொடுத்த கவனம் மரத்துக்கும் கிடைத்திருக்கிறது. காணியில் நின்ற மரம் இலையும் கிளையுமாக வரைபடத்திலும் நிற்கிறது. ஈனா டி சில்வாவின் பத்திக்கும் பாபரா சன்சோனியின் கைத்தறியும் அந்த வட்டத்துக்குள் வந்து கலந்தன. ஓவியரும் நெசவாளரும் தச்சரும் தயங்காமல் வந்துபோகும் கந்தோரில்தான் இப்படிப்பட்ட கலப்பு நடக்கும்.

சுதந்திரம் மட்டும் இருந்தால் கட்டடம் எழும்பாது. 1967இல் பங்காளராகச் சேர்ந்த பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம் கணக்கையும் கட்டுமான ஒழுங்கையும் கையில் எடுத்தார். 1982இல் திறக்கப்பட்ட கோட்டே நாடாளுமன்றம் வரை நீண்ட அந்தக் கூட்டணியில் ஒரு தமிழரின் பங்கு எவ்வளவு பெரிது என்பதை நம்மவர் போதிய அளவு பேசுவதில்லை.

உயர்ந்த கட்டடமும் மூச்சு விடலாம் என்று இதே நிறுவனம் காட்டியது. 1970களின் பிற்பகுதியில் கட்டிய அரச ஈட்டு வங்கியின் பன்னிரண்டு மாடிகளும் இயற்கைக் காற்றுக்காக வரையப்பட்டவை.

நிறுவனத்தை விட்டு விலகிய பின் பாவா தம் வீட்டையே கந்தோராக்கினார். பகத்தலை வீதியை ஒட்டிய 33ஆம் ஒழுங்கையில், வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளுள் ஒன்றில் 1958இல் குடிபுகுந்து, பத்தாண்டுகளில் நான்கையும் ஒன்றாக்கியிருந்தார். செட்டிநாட்டுத் தூண்கள் சிறு தண்ணீர்த் தொட்டியோரம் நிற்கும் அந்த வீட்டில், 1990களில் ஒருசில இளம் கட்டடக் கலைஞர்களோடு அமர்ந்து வேலை செய்தார். மலைச்சரிவோடு சரிவாக ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளும் கண்டலம ஹோட்டல் அந்தக் காலத்து வேலை. பெரிய வேலைக்குப் பெரிய மாடி தேவைப்படவில்லை.

நாற்சார் வீட்டில் வளர்ந்த நமக்கு இதெல்லாம் புதிதல்ல. நடுமுற்றத்தைச் சுற்றி நெல் காய்ந்தது, பிள்ளைகள் படித்தனர், கலியாணமும் நடந்தது. ஒரே இடம் வேளைக்கு வேளை வேறாகியது. இன்றைய வடிவமைப்புத் தொழிலுக்கும் அந்த நெகிழ்ச்சிதான் வேண்டும். இந்த மாதம் நாலு பேர், அடுத்த மாதம் பத்துப் பேர். காலையில் மாதிரி செய்ய நீண்ட மேசை, மாலையில் வாடிக்கையாளரோடு பேச நிழல்.

குறைகளும் உண்டு. ஈரப்பதத்தில் கடதாசி வளையும், நுளம்பு வரும், கணினிகளுக்கு ஒரு குளிர் அறையாவது தேவைப்படும். அவை செலவோடு தீர்கிற குறைகள். காற்றும் மரமும் இல்லாத மாடியில் அவற்றை எந்தச் செலவும் கொண்டுவராது.

ஹெவ்லொக் டவுனில் விறாந்தையும் பின்வளவும் உள்ள பழைய வீடுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஒவ்வொன்றாக இடிபட்டும் வருகின்றன. தொழில் தொடங்கப்போகும் இளையோரே, அப்படி ஒரு வீடு வாடகைக்கு வந்தால் விட்டுவிடாதீர்கள். சுவரைத் தட்ட முன் ஒரு மழைக்காலம் அதில் இருந்து வேலை செய்து பாருங்கள். மரத்தை வெட்டாதீர்கள். கணக்கு பார்க்க ஒரு பூலோகசுந்தரத்தையும் தேடிக்கொள்ளுங்கள்.