உடுத்தவளும் உடுத்துவித்தவனும்

கற்பனை உலகுகளைச் சித்திரிக்கும் கணினி விளையாட்டுக்களில் நடமாடும் மாந்தரின் உடைக்கு நியாயம் வேண்டுமா என்ற கேள்வியை இலக்கியச் சஞ்சிகையொன்றிலே எழுப்புவது சிலருக்கு வியப்பைத் தரலாம். நாவலும் கவிதையும் பேசப்படவேண்டிய பக்கங்களிலே பிள்ளைகளின் பொழுதுபோக்குக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்பர். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எமது பகுதியிலே, பதினைந்து வயது மாணவி ஒருத்தி ஒரு மாதத்தில் வாசித்து முடிக்கும் கதைகளையும், அதே மாதத்தில் கைத்தொலைபேசித் திரையிலே தானே வாளேந்தி நடந்து முடிக்கும் கதைகளையும் எண்ணிப் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். மக்கள் கதை கேட்கும் இடத்துக்கு விமரிசகன் போகத்தான் வேண்டும். ஒருகாலத்தில் கூத்துக் களரிக்குப் போவதையும் எம் கற்றோர் இழுக்காகவே எண்ணியிருந்தனர்.

இவ்விளையாட்டுக்களின் உடை பற்றிய விவகாரத்திலே இரண்டு கட்சிகள் உண்டு. முதற் கட்சியார் சொல்வது இது: மலை பறக்கிறது, மிருகம் பேசுகிறது, செத்தவன் எழுந்து மறுபடி போர்புரிகிறான், இவற்றையெல்லாம் மறுப்பின்றி ஏற்பவர்கள், போர்க்களத்துக்கு வரும் பெண்ணின் மேனியிலே இரண்டு தகட்டுத் துண்டுகள் மாத்திரமே இருப்பதை ஏன் ஏற்கலாகாது? கற்பனைக்குக் காரணம் கேட்பது அறிவீனம் என்பது அவர்கள் முடிபு. மறு கட்சியார் இயல்புநெறி பேசுவோர். அம்புக்கும் வாளுக்கும் அந்தத் தகடு காவலாகாதென்றும், பனிமலையிலே அவள் விறைத்துச் செத்துவிடுவாள் என்றும் கணக்குக் காட்டுவர். யதார்த்தவாதத்திலே பயின்ற எம்மவர் சிலருக்கும் இந்த இரண்டாவது கட்சியிலேயே நாட்டம் அதிகம். இரு சாராரும் கேள்வியைப் பிழையான இடத்திலே வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

இயல்புநெறியாளரை முதலிற் பார்ப்போம். அவர்களது அளவுகோலை எடுத்துக்கொண்டு வடமோடிக் கூத்தொன்றைப் பார்க்கச் சென்றால் என்ன நேரும்? கர்ணனோ வீமனோ கரப்புடுப்புடன் களரிக்கு வருகிறான். இடுப்பிலிருந்து கூடைபோல் விரிந்து நிற்கும் அந்த உடுப்பை அணிந்து எந்த வீரனும் தேரேறியிருக்க முடியாது. கண்ணாடித் துண்டுகளும் மினுக்கத் தாள்களும் பதித்த முடியை ஒரு நாழிகை சுமந்தாலே கழுத்து வலிக்கும். பாரத காலத்து உடை இதுவென்று எவரும் சத்தியம் செய்யார். ஆயினும், மூதூர்ப் பக்கத்துக் கிராமத்திலோ மட்டக்களப்பிலோ விடியவிடிய விழித்திருந்து பார்த்த எந்தக் கிழவியும் 'இந்த உடுப்புக்கு என்ன நியாயம்' என்று கேட்டதில்லை.

அவள் கேளாதிருந்தது அறியாமையாலன்று. அந்த உடையின் நியாயம் அவள் கண்முன்னே ஆடிக்கொண்டிருந்தது. வட்டக்களரியின் நாற்புறமும் சனம் இருக்கிறது; கூத்தனுக்கு முன்புறம் பின்புறம் என்று இல்லை. ஆகவே எப்புறமிருந்து பார்ப்பினும் நிறைந்து தோன்றும் வட்டமான உடை வேண்டும். மத்தளம் முறுகி, தாளக்கட்டு விரைந்து, அவன் சுழலும்போது அந்த உடுப்பும் சுழன்று ஆட்டத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. பந்தத்தின் ஒளியிலும், பின்னாளிலே பெற்றோல்மக்ஸ் ஒளியிலும், நெடுந்தூரத்தில் இருப்பவனுக்கும் முகம் தெரியாவிடினும் முடி மின்னுவது தெரியவேண்டும். இவை தொழில்முறை நியாயங்கள். இவற்றுக்கு மேலாக ஒன்றுண்டு. பகலெல்லாம் பிறர் வயலிலே கூலிக்கு நின்றவன் இரவிலே தருமராசனாக வருகிறான். கோயிலிலும் குளத்திலும் அவனுக்கு மறுக்கப்பட்ட மாட்சிமையை ஓரிரவுக்கேனும் உடலிலே தாங்கிக்கொள்ள அந்த உடுப்பு இடங்கொடுத்தது. 1960களிலே பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் இக்கூத்துக்களைச் செப்பமிட்டு, இரவு முழுவதும் ஆடப்பட்டதைச் சிறுபொழுதுக்குள் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் மௌனகுரு இராவணனாக ஆடிய ‘இராவணேசன்’ என்பன அவ்வாறு பிறந்தவை. களரி போய் மேடை வந்தபோது ஆட்டமும் ஒப்பனையும் உடையும் மறுபடி சிந்திக்கவேண்டியனவாயின. முன்பக்கத்தை மாத்திரமே பார்க்கும் சபைக்கு நாற்புறத்து உடை எதற்கு? ஆடற்களம் மாறினால் உடையின் நியாயமும் மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எமக்கு வேண்டியதில்லை.

ஆகவே, கற்பனை உடை இயல்பாக இருக்கவேண்டியதில்லை. தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்ற இரண்டையும் எடுத்தோதி, அவ்விரண்டும் கூடிய இடத்திலே புலனெறி வழக்கத்தை நிறுத்தினார். உலகியலை மாத்திரம் பிடித்துத் தொங்குவோர் அவரது பாதியைத்தான் படித்தவர்கள். கற்பனைக்குக் காரணமில்லை என்போர் மறு பாதியைத்தான் படித்தவர்கள்.

இனி முதற் கட்சியாரிடம் வருவோம். காரணமே வேண்டாம் என்று சொல்லும் இவர்கள், நெருக்கடி வரும்போது கதைக்குள்ளே ஒரு காரணத்தைச் செய்து தருவதிலும் வல்லவர்கள். யப்பானிய ஆக்கமான ‘மெற்றல் கியர் சொலிட்’ வரிசையின் ஐந்தாம் விளையாட்டு 2015இல் வெளிவந்தது. அதிலே ‘குவயற்’ என்றொரு பெண், குறிபார்த்துச் சுடுவதில் நிகரற்றவள், பேசாதவள். போர்க்களத்திலே அவள் ஏறக்குறைய நீராடும் உடையிலேயே திரிகிறாள். ஏனென்று கேட்டால் விடை தயார்: தீக்காயமுற்ற அவளை ஒட்டுண்ணிச் சிகிச்சையினாற் பிழைக்கவைத்தார்களாம், அவள் தோலினால் மூச்செடுத்துத் தோலினால் நீரருந்துகிறாளாம், உடுத்தினால் மூச்சடைத்துவிடுமாம். விளையாட்டு வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளின் முன், 2013இல், கண்டனம் எழுந்தபோது, காரணத்தை அறியும் நாளில் கண்டித்தவர்கள் வெட்கப்படுவார்கள் என்று அதன் கர்த்தாவான ஹிடேயோ கொஜிமா சொன்னார். அதே காலத்தில் அவரே மற்றொன்றும் சொன்னார்: ரசிகர்கள் அந்த வேடத்தைப் புனைய விரும்பவேண்டும், அவளது பொம்மைகள் நன்கு விற்கவேண்டும் என்பது நோக்கம் என்று. இரண்டு காரணங்களில் எது முந்தியது என்பதை வாசகர் தீர்மானிக்கலாம். இதே வரிசையின் 2004ஆம் ஆண்டு விளையாட்டிலே ஒளியை உண்டு உயிர்வாழும் கிழவன் ஒருவன் வருகிறான். அவனும் குறிபார்த்துச் சுடுபவனே. அவன் மறைப்புடை அணிந்துகொண்டே காட்டில் திரிகிறான். ஒட்டுண்ணி கிழவனுக்கு இரங்கியது போலும்!

கற்பனைக் கதைக்குள்ளே காரணம் கண்டுபிடிப்பது மிக மலிவான வேலை. மலையைப் பறக்கவைத்தவனால் ஒரு பெண்ணைத் தோலால் மூச்செடுக்கவைக்க முடியாதா? ஆகையால் கதைக்குள் தரப்படும் காரணத்தை நாம் கேட்கவே கூடாது, கேட்டால் ஏமாந்துபோவோம். என் வகுப்பிலே ஒரு மாணவி, விளையாட்டொன்றின் விளம்பரப் படத்தைக் காட்டிக் கேட்டாள்: “ரீச்சர், அவனுக்குக் கழுத்துவரைக்கும் இரும்பு. இவளுக்கு வயித்திலயும் இல்ல. சண்டை ஒண்டுதானே?” அவள் கேட்டது ஒட்டுண்ணி விளக்கத்தையன்று. ஒரே படத்துக்குள் இரண்டு சட்டங்கள் இருப்பதை அவள் கண்டுவிட்டாள்.

இவ்விடத்தில் ஒழுக்கக் காவலர்கள் மகிழ்ச்சியோடு எம்முடன் சேர்ந்துகொள்ள வருவர், அவர்களுக்கு இடங்கொடுத்தலாகாது. 2012இல் அமெரிக்கரின் ‘ஸ்மைற்’ என்னும் விளையாட்டிலே காளிதேவி ஒரு போர்வீராங்கனையாகச் சேர்க்கப்பட்டிருந்தாள். கிளர்ச்சிப் படத்தின் அழகிபோல அவளை ஆக்கியிருக்கிறார்கள் என்றும், பக்தர் தம்மை ஒப்புவிக்கும் தெய்வத்தை ஆடுவோர் பொத்தானால் ஆட்டுவிப்பது அபசாரமென்றும் அந்நாட்டு இந்து அமைப்பொன்றின் தலைவரான ராஜன் ஸெட் கண்டித்தார். அவளை நீக்கவேண்டும் என்பது கோரிக்கை. அவள் நீக்கப்படவில்லை. நீக்கவேண்டும் என்று நானும் கேட்கமாட்டேன். ஆனால் அந்தக் காளியிடம் ஒரு குறை இருக்கிறது. அது ஆடைக் குறைவன்று.

எமது நகரின் நடுவிலே கோயில்கொண்ட பத்திரகாளிக்குப் பட்டு உடுத்தி வழிபடுகிறோம். வங்கத்துக் காளியோ ஆடையற்றவள். தலைமாலையும், வெட்டிய கைகளைக் கோத்த மேகலையுமே அவளுக்கு அணி. கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டார் தோலும் குடரும் பாம்பும் கொண்டு தேவியின் கோலத்தைப் புனைந்தார். இவற்றுள் எதைக் கண்டும் எவனும் இச்சை கொண்டதில்லை, அச்சமே கொள்வான். காளியின் நிர்வாணம் பார்ப்பவனை அளந்து பார்க்கும் நிர்வாணம். விளையாட்டிலே அது தலைகீழாகிறது: பார்ப்பவன் அவளை அளக்கிறான். 1950இல் இந்நகரிலே கிணறு தோண்டியபோது கோணேசர் கோயிலுக்குரிய செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. அவற்றுள் பார்வதியும் உண்டு. வார்த்த சிற்பி அவளுக்கு மேலாடை வார்க்கவில்லை. அது குறித்து எந்தப் பெண்ணும் தலைகுனிய வேண்டியதுமில்லை. இன்னொருத்தியும் இருக்கிறாள். கண்ணகையம்மன் என்று கிழக்கிலே குளிர்த்தி பாடி வணங்கப்படும் கண்ணகி, மதுரை வீதியிலே தன் மார்பைத் திருகி எறிந்தவள். இளங்கோ அவ்விடத்தில் அவளது உடலைச் சொல்லாமல் விடவில்லை. சொன்னவிதத்தில் நகரம் எரிந்தது.

எனவே, எவ்வளவு துணி என்பது எமது கேள்வியாகாது. துணியை அளப்பவர்கள் உயிருள்ள பெண்களையும் அப்படியேதான் அளக்கிறார்கள். 2018இல் எமது நகரிலேயே, அபாயா அணிந்து கற்பிக்க வந்த முஸ்லிம் ஆசிரியைகளின் உடை பெரும் வாதப்பொருளாயிற்று. 2022இல் அது மீண்டும் மூண்டது. சேலையே பாடசாலையின் பண்பாடு என்று ஒருசாரார் நின்றனர். உடை எமது உரிமை என்றனர் மற்றவர். வீதியிலே கூட்டம் கூடியது, நாடெங்கும் பேச்சாயிற்று. என் நிலையை மறைப்பதற்கில்லை: உடுப்பவளே முடிவுசெய்யவேண்டும். இவ்வாறு நான் சொன்னால், விளையாட்டுப் படைப்போரின் வக்கீல்கள் உடனே அதைப் பிடித்துக்கொள்வர். ‘எங்கள் வீராங்கனையும் தன் உடையைத் தானே விரும்பி அணிந்தாள்; அவளை வெட்கப்படுத்துவது நீங்களே’ என்பர். முற்போக்கின் சொல்லையே முற்போக்கின்மேல் வீசும் சாமர்த்தியம் இது. விடை எளிது. அபாயா அணிந்த ஆசிரியைக்கு விருப்பு வெறுப்பு உண்டு. அவள் காலையில் எழுந்து தன் கையால் உடுத்துகிறாள். திரையில் வரையப்பட்டவளுக்கு விருப்பம் என்று எதுவுமில்லை. ஒருவன் அவளுக்கு உடலை வரைந்தான், உடையை வரைந்தான், அந்த உடையை அவள் விரும்புவதாக ஒரு வசனத்தையும் எழுதினான். உடுத்தவள் பதில் சொல்லவேண்டியதில்லை. உடுத்துவித்தவன் சொல்லத்தான் வேண்டும். எமது சமூகமோ இதை மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறது: உயிருள்ளவளை மறித்து ஒவ்வொரு முழத்துக்கும் விளக்கம் கேட்கிறது, உயிரற்றவளை ஆட்டுவிப்பவனிடம், கற்பனைதானே என்று ஒதுங்கிப் போகிறது.

உடுத்துவித்தவன் எனும்போது ஓவியன் ஒருவனை மாத்திரம் நினைத்தலும் தவறு. சம்பளத்துக்கு வரைபவன் அவன். எம் மாணவர் நடுவே பெரிதும் புழங்கும் ‘ஃபிரீ ஃபயர்’ 2017இல் சிங்கப்பூர் நிறுவனமொன்றால் வெளியிடப்பட்டது. விளையாட்டு இலவசம். விற்பனைக்கு இருப்பவை உடைகள். பிள்ளைகள் அவற்றை ‘ஸ்கின்’ என்பர். ‘டயமண்ட்’ என்ற பெயரில் ஒரு பொய்ப் பணம் உண்டு. மெய்ப் பணம் கொடுத்து அதை வாங்கி, அதைக் கொடுத்து உடையை வாங்கவேண்டும். சில உடைகளை நேரே வாங்கவும் முடியாது. அதிர்ஷ்டச் சீட்டுப்போல் சுழற்றிப் பார்க்கவேண்டும். காளியைச் சேர்த்த ‘ஸ்மைற்’றும் இதே வழியிற் பிழைத்ததே. இங்கே உடை பாத்திரத்தின் அங்கமாக இல்லை. சரக்கே உடைதான், பாத்திரம் அதை மாட்டிவைக்கும் கொக்கி. அடுத்த வாரம் இதனினும் பகட்டான ஒன்று வந்தாலொழிய வியாபாரம் நின்றுவிடும். கதையிலே இதற்குக் காரணம் தேடுபவர் சந்தையிலே தேடினால் விரைவில் காண்பர். வலைப்படகுக் கூலியில் குடும்பம் நடத்தும் வீடுகளின் பிள்ளைகள், தகப்பனின் கைத்தொலைபேசிக்குப் போட்ட மீள்நிரப்புப் பணத்தை இச்சீட்டிலே தொலைத்துவிட்டு நிற்பதைக் காணாத ஆசிரியர் இன்று அரிது.

இவ்வூடகத்திலே வேறுவிதமாகவும் செய்யமுடியும். பூனா நகரத்துச் சிறு குழுவொன்று 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ என்னும் விளையாட்டின் நாயகி வித்தைகாட்டிப் பிழைக்கும் பெண். அசுரர் கவர்ந்த தம்பியைத் தேடிப் புறப்பட்டவள். அவள் தூணைப் பற்றிச் சுழல்கிறாள், சுவரில் ஓடுகிறாள். அவளது தொழிலும் நிலமும் உடையிலே தெரிகின்றன. அசைவுக்கு அது உடன்போகிறது. கதை எமது புராணங்களைத் தொட்டும் தொடாமலும் போவதைப் பற்றி வேறு குறைகள் சொல்லலாம். உடையைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கேள்வியே எழவில்லை, களரியிலே கிழவிக்கு எழாததுபோல.

நாளை எவரேனும் எமது கரப்புடுப்பையும் முடியையும் இத்திரைக்குக் கொண்டுபோகலாம். கூத்தை உலகறியச் செய்தார்கள் என்று நாமும் பெருமைப்படுவோம். அந்த உடுப்பு எந்த ஆட்டத்துக்காகச் சுழல்கிறது, சீட்டுக்குலுக்கலிலே என்ன விலைக்குப் போகிறது, அதைத் தலைமுறை தலைமுறையாய்க் கட்டித் தந்த அண்ணாவிமாரின் கிராமத்துக்கு அதில் ஒரு சதமேனும் வருகிறதா என்பதையும் அன்றைக்கே கேட்டுவைக்கவேண்டும்.