நான்கு சுதந்திரங்கள்: 'நாமா', 'நாங்களா'?

ஆங்கிலத்தில் 'வீ' என்றொரு சிறு சொல் உண்டு. அதனைத் தமிழாக்கப் புகுவோன் முன் இரண்டு சொற்கள் வந்து நிற்கும். கேட்போரையும் சேர்த்துக்கொண்டு பேசினால் 'நாம்'. கேட்போரை விலக்கித் தம்மவரை மட்டும் குறித்தால் 'நாங்கள்'. ஆங்கில மொழியில் இப்பிரிவு இல்லாமையால், மேடையேறும் தலைவர் தம் சொல்லுக்குள் யாரை அடக்கினார், யாரை வாயிலில் நிறுத்தினார் என்பதைக் கூறாமலே பிரசங்கத்தை முடித்து இறங்கிவிடலாம். தமிழில் பெயர்ப்பவனுக்கோ அவ்வசதி கிடையாது. அவன் ஒன்றைத் தெரிந்தெடுத்தே தீரவேண்டும்.

இத்தொல்லை நமக்கு ஏட்டில் வந்ததன்று. பிரட்டுக் களத்தில் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் நாம் கிராணியாக இருந்தபொழுது, மானேஜர் விடியற்காலையில் தொழிலாளர் முன் நின்று ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினார். விலை வீழ்ந்துவிட்டது, எல்லோரும் ஒரே குடும்பம், இவ்வாண்டு சிக்கனமாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். மொழிபெயர்க்கும் கடமை நம்முடையது. 'நாம் எல்லோரும்' என்று சொல்லி வாய்மூடுமுன், பால்வெட்டும் முதிய அம்மையார் ஒருவர், "கிராணியாரே, அந்த நாமுல தொரையும் சேர்த்தியா?" என்று கேட்டார். களம் சிரித்தது. என்ன கேட்டார் என்று மானேஜர் வினவியபொழுது, ஒன்றுமில்லை என்றோம். செக்ரோலைத் திறக்குந்தோறும் அந்தப் பொய் இன்றும் நம்மை உறுத்துகின்றது.

அம்மையாரின் கேள்வியையே அளவுகோலாகக் கொண்டு, இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவில் எழுந்த புகழ்பெற்ற பிரகடனம் ஒன்றையும், அதனையொட்டிப் பிறந்த ஓவியம் ஒன்றையும் கட்டுரை ஒன்றையும் ஈண்டு ஆராய்வோம்.

1941 ஜனவரி 6 ஆம் நாள் ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்கக் காங்கிரசின் முன் நிகழ்த்திய உரையில் நான்கு சுதந்திரங்களை எடுத்தோதினார். பேச்சுச் சுதந்திரம், வழிபாட்டுச் சுதந்திரம், வறுமையினின்று விடுதலை, அச்சத்தினின்று விடுதலை என்பன அவை. அப்பொழுது அமெரிக்கா போரில் இறங்கியிருக்கவில்லை. ஹிட்லரை எதிர்த்து நின்ற பிரிட்டனுக்குத் தளவாடம் கொடுக்க மக்களின் சம்மதத்தைப் பெறுவதே உரையின் உடனடி நோக்கம். மார்ச்சு 11 இல் கடன்-குத்தகைச் சட்டம் கையெழுத்தாயிற்று. போர் முடிவதற்குள் அதன் வழியே நட்பு நாடுகளுக்குச் சென்ற உதவி ஏறத்தாழ 5,000 கோடி டாலர்.

இச்சுதந்திரங்கள் உலகெங்கும் நிலவவேண்டும் என்று ஒவ்வொன்றின் பின்னும் ரூஸ்வெல்ட் சேர்த்துக் கூறினார். உரை எழுதப்பட்ட வேளையில், சாவகத் தீவு மக்களைப் பற்றி அமெரிக்கர்க்கு அவ்வளவு அக்கறை இருக்குமோ என்று ஆலோசகர் ஹாரி ஹாப்கின்ஸ் ஐயுற்றாராம். உலகம் சுருங்கி வருகிறது, சாவகத்தாரும் நமக்கு அண்டை வீட்டாராகி வருகின்றனர் என்று ரூஸ்வெல்ட் விடையிறுத்தாராம். உடனிருந்த ரோசன்மன் இதனை எழுதி வைத்துள்ளார். மலாயாக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள தீவுகளை நினைத்து வெள்ளை மாளிகையில் ஒரு வாக்கியம் திருத்தப்படாமல் நின்றது எனின், அது சிறிய செய்தியன்று.

ஆயின் சொல்லின் எல்லை விரைவிலேயே சோதனைக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 14 இல் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம், எல்லா மக்களும் தம் ஆட்சிமுறையைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையை மதிப்பதாகக் கூறிற்று. ஒரு மாதம் ஆகுமுன், செப்டம்பர் 9 இல் சர்ச்சில் பார்லிமெண்டில் எழுந்து, அது முதன்மையாக நாஜி நுகத்தடியில் சிக்கிய ஐரோப்பிய நாடுகளைக் கருதியதென்றும், இந்தியா, பர்மா முதலியவற்றைப் பற்றிய கொள்கையை மாற்றுவதன்று என்றும் விளக்கம் தந்தார். ஒரே சாசனத்தை வெளியிட்ட இருவருள் ஒருவர் 'நாம்' என்று எழுதினார். மற்றவர் அதனை 'நாங்கள்' என்று படித்தார். 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட், சாசனம் உலகனைத்திற்கும் உரியது என்று வானொலியில் சொன்னார். ஆனால் கூட்டாளியோடு முறியும் அளவுக்கு அதனை வற்புறுத்தத் துணியவில்லை. சாவகத்தை உள்ளடக்கிய இந்தோனேசியா 1945 ஆகஸ்டு 17 இல் விடுதலையை முழங்கியபின்னும், டச்சுக்காரர் ஆட்சியுரிமையை ஒப்படைத்தது 1949 டிசம்பர் 27 இல்தான்.

இனி ஓவியத்துக்கு வருவோம். 1943 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' என்னும் வார இதழ், நார்மன் ராக்வெல் தீட்டிய நான்கு படங்களை வாரத்துக்கொன்றாக வெளியிட்டது. அவற்றின் மூலப் படங்கள் நகரந்தோறும் காட்சிக்கு வைக்கப்பெற்று, 13 கோடி டாலருக்கு மேற்பட்ட போர்க்கடன் பத்திரங்கள் விற்பனையாக உதவின. மூன்றாவது படமே வறுமையினின்று விடுதலை. மூதாட்டி ஒருவர் பெரிய வான்கோழிப் பொரியலை மேசைமேல் வைக்கிறார். கிழவர் பின்னே நிற்கிறார். இருபுறமும் மகிழ்ந்த முகங்கள். ஓவியத் திறனை நாம் குறைகூறோம். வெண்டுகில்மேல் வெண்தட்டு, அருகே தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளை என வெண்மையின்மேல் வெண்மையைத் தீட்டிக் காட்டியவர் கைதேர்ந்தவரே. ஊன்றி நோக்கின், வான்கோழி நீங்கலாக மேசையில் மிகுதியான பண்டமும் இல்லை. எனினும் அது அளவுக்கு மிஞ்சிய விருந்து என்று பட்டினி கிடந்த ஐரோப்பியர் வருந்தியதை ராக்வெல்லே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அமெரிக்காவிலும் சர்க்கரைக்கும் காப்பிக்கும் முன்னமே பங்கீடு வந்திருந்தது. படம் வெளியான அதே மாதக் கடைசியில் இறைச்சிக்கும் வந்தது.

நம் குறை வேறு. மேசையைச் சுற்றியுள்ளோர் அனைவரும் வெள்ளையர். அந்தக் கோழியை வளர்த்தவனும், பழத்தைப் பறித்தவனும், பாத்திரம் கழுவப் போகிறவனும் அங்கில்லை. இது 'நாங்கள்' உண்ணும் மேசை.

வியப்பு யாதெனின், அப்படத்தோடு சேர்த்து அச்சிடப் பெற்ற கட்டுரையை எழுதியவர், அம்மேசையில் இடம் பெறாத ஒருவர்! அவர் பெயர் கார்லோஸ் புலோசான். அப்பொழுது அமெரிக்க ஆட்சிக்குட்பட்டிருந்த பிலிப்பைன் தீவுகளிற் பிறந்து, 1930 இல் சியாட்டில் துறைமுகத்தில் இறங்கி, தோட்டந்தோட்டமாகக் கூலிவேலை செய்து, தொழிற்சங்க ஏடு நடத்தி, காச நோயால் ஆஸ்பத்திரியில் ஈராண்டு கிடந்து, அங்கே படித்துப் படித்து எழுத்தாளரானவர். 1934 ஆம் ஆண்டுச் சட்டம் அவர் நாட்டாரை அந்நியராக்கி, ஆண்டுக்கு 50 பேருக்குமேல் வரலாகாது என்று விதித்திருந்தது.

அவர் கட்டுரையைத் தமிழில் பெயர்க்க முயன்றபொழுது பிரட்டுக் களத்துச் சங்கடமே மீண்டும் வந்தது. தொடக்கத்தில் 'நீங்கள்' என்று வாசகரை விளித்து, எங்களை அறியவேண்டின் வயல்களையும் நகர வீதிகளையும் பாருங்கள் என்னும் கருத்தில் பேசுகிறார். அங்கே 'நாங்கள்' என்றே பெயர்த்தாக வேண்டும். உழைப்பின் பயன் உழைப்பவனுக்கு மறுக்கப்படும்வரை வறுமை தொலையாது என்று வாதிக்கிறார். முடிவை அடையும்பொழுதோ, இம்மக்கள் வீழ்ந்தால் அமெரிக்காவே வீழும் என்கிறார். அவ்விடத்தில் 'நாங்கள்' என்று எழுத நம் பேனா இசையவில்லை. 'நாம்' என்றே எழுதிற்று. வாயிலில் நின்று பேசத் தொடங்கியவர், பேச்சு முடிவதற்குள் மேசையருகே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கட்டுரையில் குறையில்லாமலில்லை. உணர்ச்சி மிகுந்த இடங்களில் பொருள் மங்குகிறது. தம் சொந்த மக்கள்மீது சுமத்தப்பட்ட தடைகளை வெளிப்படையாக எடுத்துரைக்கவுமில்லை. ஆயினும் படத்தைவிடக் கட்டுரையே பெரிது என்பது நம் துணிபு.

வெளியே நின்றவர் புலோசான் ஒருவர் மட்டுமல்லர். ஜனநாயகத்தின் ஆயுதச்சாலை என்று புகழப்பெற்ற நாட்டில், கறுப்பின மக்களுக்கு ஆயுதத் தொழிற்சாலைகள் கதவடைத்தன. தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ப், தலைநகரை நோக்கிப் பேரணி நடத்துவோம் என்று எச்சரித்த பின்னரே, 1941 ஜூன் 25 இல் பாதுகாப்புத் தொழில்களில் நிறபேதம் பாராட்டலாகாதென ரூஸ்வெல்ட் ஆணை பிறப்பித்தார். எட்டு மாதங்கூட ஆகவில்லை. அதே கை 1942 பிப்ரவரி 19 இல் மற்றோர் ஆணையில் கையெழுத்திட்டது. ஜப்பானிய வமிசத்தார் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுவாசலை விட்டு முள்வேலி முகாம்களுக்குக் கொண்டு போகப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்! அச்சத்தினின்று விடுதலை பேசியவரே அச்சத்தின் சொல் கேட்டு நடந்தார். அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தோர்க்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் செய்தது 1988 இல்.

இவற்றைக் கண்டு, நான்கு சுதந்திரங்களும் ஏட்டுச் சுரைக்காய் என்று எறிந்துவிடுவோர் உளர். நாம் அவரோடு உடன்படோம். சொன்னவர் மறந்தாலும், கேட்டவர்கள் மறக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி. விமானத் தொழிற்சாலைச் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்த 26 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர், வெளிநாட்டில் ஒரு வெற்றி, உள்நாட்டில் ஒரு வெற்றி என இரண்டும் வேண்டுமென்று 1942 இல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' ஏட்டுக்குக் கடிதம் எழுதினார், அது பேரியக்கமாயிற்று. சீனா போரில் நட்பு நாடாயினமையால், 1882 முதல் சீனரைத் தடுத்து வந்த சட்டத்தை 1943 இல் நீக்கவேண்டியதாயிற்று. 1946 இல் பிலிப்பைன் மக்களுக்கும் இந்தியருக்கும் குடியுரிமை பெறும் வழி திறந்தது. ஆண்டுக்கு 100 பேரே வரலாம் எனினும் கதவு திறந்தது மெய். 1948 ஜூலையில் படையில் நிறப்பிரிவினையை ஒழிக்க ட்ரூமன் ஆணையிட்டார். உலகத்தை நோக்கிச் சொன்ன சொல் வீட்டுக்குள் திரும்பி வந்து கணக்குக் கேட்டது.

ராக்வெல்லும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1964 இல் 'லுக்' என்னும் வேறோர் இதழுக்காக, அரசு அதிகாரிகளின் காவலோடு பள்ளிக்கு நடந்து செல்லும் கறுப்பினச் சிறுமியைத் தீட்டினார். மேசையில் விட்டுப்போன ஒரு முகம் இருபத்தோராண்டு கழித்து அவர் தூரிகைக்கு வந்தது.

ஆதலால் நேயர்களே, எந்தப் பிரகடனம் வரினும், எந்த மேடையில் 'நாம்' என்ற சொல் ஒலிக்கினும், அச்சொல்லின் கவர்ச்சியில் மயங்கவும் வேண்டா. பொய்யென்று புறந்தள்ளவும் வேண்டா. அதனைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, இதில் யார் யார் சேர்த்தி என்று வாய்திறந்து கேட்பதே நம் கடமை. அந்த அம்மையார் எழுத்தறியாதவர். ஆயினும் சர்ச்சிலின் விளக்கத்துக்கும் புலோசானின் கட்டுரைக்கும் இடையே கிடந்த கேள்வியை அவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். ஆங்கிலம் கற்ற நாமோ, அதனை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல அஞ்சினோம். அன்று செய்யாத மொழிபெயர்ப்பை இன்று இப்பக்கத்தில் செய்து கடன் தீர்க்கிறோம்.